அண்மைச் சுருள், சேய்மைச் சுருள்

போன வாரம் அக்கா மகள் விடுமுறைக்கு வந்திருந்தாள். ப்ளஸ் ஒன், உயிரியல் குரூப். நான் அடுப்படியில் சட்னிக்குத் தாளித்துக்கொண்டிருக்க, அவள் முற்றத்தில் நடந்துகொண்டே சத்தம்போட்டு மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். "அண்மைச் சுருள் நுண்குழல், ஹென்லே வளைவு, சேய்மைச் சுருள் நுண்குழல், சேகரிப்பு நாளம்." மறுபடியும் முதலிலிருந்து. பரமக்குடி, சத்திரக்குடி, ராமநாதபுரம் என்று ஸ்டேஷன் பெயர் சொல்வதுபோல ஒரே மூச்சில்.

கரண்டியோடு வெளியே வந்து கேட்டேன்: "அண்மைன்னு சொல்றியே, எதுக்கு அண்மைம்மா அது?"

நின்றாள். "அது பேரே அப்படித்தான் சித்தி."

"சேய்மை?"

"அதுவும் பேருதான்."

ஆறாம் வகுப்புத் தமிழில் அண்மைச் சுட்டு, சேய்மைச் சுட்டு படித்தவள்தான். 'இவன்' பக்கத்தில் இருப்பவன், 'அவன்' தள்ளி இருப்பவன் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். அதே இரண்டு சொற்கள் விலங்கியல் புத்தகத்துக்குள் வந்ததும் பொருள் உதிர்ந்து வெறும் ஒலியாகிவிட்டன. ரத்தம் வடிகட்டப்படும் கிண்ணத்துக்குக் கிட்டே இருக்கிற சுருள் அண்மைச் சுருள், அதிலிருந்து தள்ளிப்போய் இருக்கிற சுருள் சேய்மைச் சுருள். அவ்வளவுதான். இதைச் சொன்னதும் அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது பாருங்கள், அதற்காகத்தான் இந்தப் பதிவை எழுத உட்கார்ந்தேன். ஆனால் உட்கார்ந்த பிறகு எங்கள் டீச்சரும் அப்பாவும் உள்ளே வந்துவிட்டார்கள். கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

அந்தக் கேள்வி என்னுடையது இல்லை. 2007-ல் எங்கள் விலங்கியல் டீச்சர் என்னிடம் கேட்டது. நானும் இவளைப் போலவே நின்றேன்.

அப்போது மனித உடல் பாடம் ப்ளஸ் டூவில் இருந்தது. விலங்கியல் புத்தகத்தைத் திறந்தால் முதல் அலகே அதுதான். உயிரியலுக்கு எழுத்துத் தேர்வு 150, அதில் தாவரவியல் 75, விலங்கியல் 75. செய்முறைக்கு 50. பாடத்திட்டம் மாறிய பிறகு, 2018-லிருந்து, உடல் பாடம் ப்ளஸ் ஒன்னுக்கு வந்துவிட்டது. இப்போதைய புத்தகத்தில் வண்ணப் படங்கள், கைபேசியில் காட்டினால் விளக்கம் வருகிற கியூஆர் குறியீடு எல்லாம் இருக்கின்றன. எங்கள் புத்தகம் கறுப்பு வெள்ளை. நெஃப்ரான் படத்தைப் பார்த்தால் சிக்கு விழுந்த நூல்கண்டு மாதிரி இருக்கும்.

ராமநாதபுரம் மாவட்டத்தில் ஒரு சிறிய ஊர், பெண்கள் பள்ளி. ஆய்வகத்தில் இரண்டு நுண்ணோக்கிகள், சாயம் போன சில சார்ட்டுகள், பிரித்து மாட்டக்கூடிய ஓர் இதய மாதிரி. அந்த மாதிரியில் இடது ஆரிக்கிள் எப்போதோ காணாமல் போயிருந்தது. டீச்சர் அதைப் பற்றி ஒருநாளும் புலம்பியதில்லை. "ஆளுக்கு ஒரு உடம்பு கொண்டுவந்திருக்கீங்கள்ல, அது போதும்" என்பார். அந்தச் சொல்லை அவர் எவ்வளவு உண்மையாகச் சொன்னார் என்று பிறகுதான் புரிந்தது.

ரத்த ஓட்டப் பாடத்தின்போது எல்லோரையும் தலை ரிப்பனை அவிழ்க்கச் சொன்னார். வலது கை முழங்கைக்கு மேலே இறுக்கிக் கட்டச் சொன்னார். முன்கையில் நீல நரம்பு புடைத்துக்கொண்டு வரும் இல்லையா, அது நரம்பு இல்லை, சிரை. அதன்மேல் மணிக்கட்டுப் பக்கமாக ஒரு விரலை அழுத்திக்கொண்டு, இன்னொரு விரலால் அங்கிருந்து மேல்நோக்கி வழிக்க வேண்டும். வழித்த இடம் தட்டையாகிவிடும். மேல் விரலை எடுத்தாலும் ரத்தம் திரும்பக் கீழே இறங்காது. கீழே அழுத்தியிருக்கும் விரலை எடுத்தால்தான் சட்டென்று நிரம்பும். உள்ளே ஒருபக்கம் மட்டும் திறக்கும் கதவுகள் இருக்கின்றன, அவற்றுக்குத்தான் வால்வு என்று பெயர் என்று அதன் பிறகுதான் பலகையில் எழுதினார். இதே சோதனையைத்தான் இங்கிலாந்தின் வில்லியம் ஹார்வி 1628-ல் வந்த தன் புத்தகத்தில் படம்போட்டுக் காட்டியிருக்கிறார் என்றும் சொன்னார். ஹார்விக்கும் எங்களுக்கும் நடுவே கிட்டத்தட்ட 380 வருடம். கருவி ஒன்றேதான், கையும் ஒரு கட்டும்.

பிறகு ஒரு கணக்கு. இதயம் ஒரு துடிப்புக்கு 70 மில்லி ரத்தம் தள்ளும், நிமிடத்துக்கு 72 துடிப்பு. பெருக்கினால் 5,040 மில்லி. உடம்பில் மொத்தமே ஐந்து லிட்டர்தான் ரத்தம். அப்படியென்றால் ஒரே நிமிடத்தில் முழு ரத்தமும் ஒரு சுற்றுப் போய் வந்துவிடுகிறது. ஒரு நாளைக்கு எவ்வளவு என்று போட்டுப் பார்த்தோம். 7,200 லிட்டருக்கு மேல் வந்தது. "500 லிட்டர் சின்டெக்ஸ் தொட்டி எத்தனை நிறையும்?" என்றார். பதினான்கு. எங்கள் தெருவில் குடிதண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நிற்பவர்கள் நாங்கள். தண்ணீரின் கனம் தெரிந்த பிள்ளைகள். பதினான்கு தொட்டியைத் தூக்கிக் கொட்டுகிற ஒரு தசை நெஞ்சுக்குள் இருக்கிறது என்பது அன்று எங்களை நிஜமாகவே அமைதியாக்கியது.

உமிழ்நீர்ச் சோதனையும் அப்படித்தான். கஞ்சித்தண்ணீரில் அயோடின் விட்டால் கருநீலம். உமிழ்நீர் கலந்து கொஞ்ச நேரம் வைத்துவிட்டு அயோடின் விட்டால் நீலம் வராது. அதைச் செய்முறை நோட்டில் எழுதுவதற்கு முன்னால் ஆளுக்கு ஒரு கவளம் வெறும் சோற்றை வாயில் போட்டு விழுங்காமல் மென்றுகொண்டே இருக்கச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் சோறு இனிக்கத் தொடங்கும். செய்து பாருங்கள்.

இனி சொற்களுக்கு வருகிறேன். இதுதான் என் மனசுக்கு நெருக்கமான விஷயம்.

தமிழ்வழியில் அறிவியல் படித்தவர்களிடம் கேட்டால் கலைச்சொற்களைப் பற்றிக் குறைதான் அதிகம் வரும். வாயில் நுழையவில்லை, கல்லூரிக்குப் போனால் எல்லாம் ஆங்கிலம், படித்தது வீண் என்பார்கள். மருத்துவக் கல்லூரிக்கோ நர்சிங்குக்கோ போகிற தமிழ்வழிப் பிள்ளைகள் முதல் ஆறு மாதம் படுகிற பாடு எனக்குத் தெரியும். என் தோழிகள் இரண்டு பேர் அழுதே இருக்கிறார்கள். அந்தக் கஷ்டத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சொற்களை நமக்கு யாரும் திறந்து காட்டவில்லை என்பதுதான் என் வருத்தம்.

டீச்சர் ஒருநாள் கறிக்கடையிலிருந்து ஆட்டின் ஈரலும் நுரையீரலும் வாங்கி வந்தார். ஒரு வாளித் தண்ணீர். கல்லீரலைப் போட்டார், கல் மாதிரி அடியில் போய் உட்கார்ந்தது. நுரையீரலைப் போட்டார், மிதந்தது. கையால் அமுக்கினால் கரகரவென்று, வெட்டிப் பிழிந்தால் நுரை நுரையாக வந்தது. "பேரு வச்சவன் கண்ணால பாத்துட்டுத்தான் வச்சிருக்கான்" என்றார். மனித நுரையீரலில் ஏறக்குறைய முப்பது கோடி காற்று நுண்ணறைகள் என்று புத்தகம் சொல்வதும், 'நுரை' என்று நம் பாட்டன்மார் ஒரே சொல்லில் சொன்னதும் ஒன்றுதான்.

உதரவிதானம் என்ற சொல்லை நான் மந்திரம் மாதிரி உச்சரித்துக்கொண்டிருந்தேன். உதரம் என்றால் வயிறு. விதானம், கோயில் மண்டபத்தில் மேலே துணி கட்டுவார்களே, அது. வயிற்றுக்கு மேலே வளைவாகக் கட்டிய ஒரு தசைத் துணி. அது கீழே இறங்கினால் நெஞ்சறை பெரிதாகும், காற்று உள்ளே வரும். சொல்லிலேயே பாடம் இருக்கிறது. தண்டுவடமும் அப்படியே, தண்டுக்குள் ஓடும் வடம். தேர்வடம் பிடித்த ஊரில் பிறந்த பிள்ளைக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டுமா? காதுக்குள் இருக்கும் மூன்று எலும்புகளில் கடைசி அங்கவடி. அங்கவடி என்றால் என்னவென்று வகுப்பில் ஒருவருக்கும் தெரியவில்லை. "அய்யனார் குதிரைக்கு ரெண்டு பக்கமும் கால் வைக்க வளையம் தொங்குமே, அதுதான்டி" என்றார். உடம்பிலேயே ஆகச் சிறிய எலும்பு அது. அதற்குப் பிறகு எங்களில் யாரும் அதை மறந்திருக்க மாட்டோம்.

இந்தச் சொற்களுக்குப் பின்னால் எவ்வளவு பேர் உழைத்திருக்கிறார்கள் என்று பிற்பாடு தேடிப் படித்தபோதுதான் சாமுவேல் ஃபிஸ்க் கிறீனைப் பற்றித் தெரிந்தது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ்காரர். 1847-ல் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் மருத்துவமனை நடத்தி, முதலில் ஆங்கிலத்தில் மருத்துவம் கற்பித்தவர், 1864-லிருந்து தமிழிலேயே கற்பிக்கத் தொடங்கினார். பாடநூல் இல்லாமல் எப்படிக் கற்பிப்பது? மாணவர்களையும் சேர்த்துக்கொண்டு ஒவ்வொன்றாக மொழிபெயர்த்தார். இங்கிலாந்தில் 1858-ல் வெளிவந்த கிரேயின் உடற்கூற்று நூல் 'மனுஷ அங்காதிபாதம்' என்ற பெயரில் 1872-ல் தமிழில் வந்துவிட்டது. உடற்கூற்றுக்கு அங்காதிபாதம், உடலியங்கியலுக்குச் சுகரணம் என்று சொல் வைத்திருந்தார். இன்று அந்த இரண்டு சொற்களும் வழக்கில் இல்லை. ஆனால் உடம்பின் உள்ளே இருக்கும் ஒவ்வொரு எலும்புக்கும் குழாய்க்கும் தமிழில் பெயர் சொல்லியே ஆக வேண்டும் என்று, கடல் தாண்டி வந்த ஒருவர் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறார். அந்தச் சொல் வரிசையின் பேரப்பிள்ளைகளை நாம் பொருள் தெரியாமல் ஒப்பித்து மார்க் வாங்குகிறோம் என்பதை நினைத்தால் எனக்கு மனசு ஆறவில்லை.

பத்தாம் வகுப்பில் எங்களுக்கு இனப்பெருக்கப் பாடம் நடத்தப்படவில்லை. அப்போது பாடம் எடுத்தவர் பக்க எண்ணைச் சொல்லி, "வீட்ல படிச்சுக்கோங்க" என்று அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார். பெண்கள் பள்ளி அது. வகுப்பில் இருந்த அத்தனை பேரும் வயதுக்கு வந்தவர்கள். மாதத்தில் மூன்று நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் சுருண்டு கிடந்த ஒருத்திக்கும் அது ஏன் வலிக்கிறது என்று தெரியாது. ப்ளஸ் டூ டீச்சர்தான் 28 நாள் சுழற்சியைப் பலகை முழுக்க வரைந்தார். எந்த ஹார்மோன் எப்போது ஏறுகிறது, எப்போது இறங்குகிறது, கருப்பையின் உட்சுவர் எப்போது தடிக்கிறது, எப்போது உதிர்கிறது. குரலைத் தாழ்த்தாமல், செரிமானப் பாடம் நடத்திய அதே குரலில். ஒரு பெண் எழுந்து, "அப்ப அது கெட்ட ரத்தம் இல்லையா டீச்சர்?" என்று கேட்டாள். "கெட்டதா? ஒரு உயிரு வந்தா தங்கட்டும்னு போட்ட மெத்தைடி அது" என்றார். பதினெட்டு வருடம் ஆகிறது. அந்த வாக்கியம் அப்படியே இருக்கிறது.

எனக்கு மருத்துவம் கிடைக்கவில்லை. மதிப்பெண் போதவில்லை. பி.காம். படித்து, ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதும் வேலைக்கு வந்தேன். விலங்கியல் புத்தகத்தைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டேன். அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்திருந்தேன்.

2019-ல் அப்பாவுக்குக் கால் வீங்கியது. அப்பா லாரி ஓட்டுநர். முப்பது வருடம் சரக்கு லாரி, தூத்துக்குடியிலிருந்து வடக்கே எங்கெங்கோ. இடுப்பு வலி அவர் கூடவே வந்த கிளீனர் மாதிரி. மருந்துக் கடையில் சீட்டில்லாமல் வாங்கும் வலி மாத்திரை எப்போதும் சட்டைப் பையில் இருக்கும். ரத்த அழுத்தம் இருப்பதே அவருக்குத் தெரியாது. கால் வீக்கத்தோடு முகமும் உப்பி, சோறு இறங்காமல், மூச்சு வாங்கிய பிறகுதான் மருத்துவமனைக்கு வந்தார். கிரியாட்டினின் ஒன்றை ஒட்டி இருக்க வேண்டியது, ஏழைத் தாண்டியிருந்தது.

மருத்துவர் பேசிக்கொண்டே போனார். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த அறையில் எனக்குள் ஓடியது எங்கள் பலகையில் வரைந்த நெஃப்ரான் படம்தான். ஒரு சிறுநீரகத்தில் சுமார் பத்து லட்சம் நெஃப்ரான். ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு கிண்ணம், கிண்ணத்துக்குள் தந்துகிகளின் முடிச்சு. உள்ளே வரும் நுண்தமனி அகலம், வெளியே போகும் நுண்தமனி குறுகல். இந்த ஒரு வரி எங்களுக்கு ஒரு மார்க் கேள்வி. உட்செல் நுண்தமனியின் விட்டம் பெரிதா, வெளிச்செல் நுண்தமனியின் விட்டம் பெரிதா? பெரியது எது என்று கோடு போட்டுப் படித்தோம். ஏன் பெரிது என்று டீச்சர் சொன்னது அந்த அறையில்தான் எனக்கு முழுசாகத் திரும்பி வந்தது. வாசல் அகலமாகவும் புறவாசல் குறுகலாகவும் இருந்தால் உள்ளே நெரிசல் உண்டாகும். அந்த நெரிசல்தான் அழுத்தம். அந்த அழுத்தம்தான் ரத்தத்திலிருந்து நீரைப் பிழிந்து கிண்ணத்துக்குள் தள்ளுகிறது.

வலி மாத்திரை என்ன செய்கிறது என்று மருத்துவரிடம் கேட்டேன். நல்ல மனிதர், தாளில் வரைந்தே காட்டினார். உட்செல் நுண்தமனியை அகலமாக வைத்திருக்க உதவுவது புராஸ்டாகிளாண்டின் என்ற பொருள். வலியை உண்டாக்குவதிலும் அதற்குப் பங்கு உண்டு. மாத்திரை அதை உண்டாகவிடாமல் தடுக்கிறது. வலி அடங்கும், கூடவே வாசலும் சுருங்கும். என்றோ ஒருநாள் போட்டால் உடம்பு சமாளித்துக்கொள்ளும். வருடக்கணக்கில், அதுவும் ரத்த அழுத்தம் உள்ளவர் போட்டால் நெஃப்ரான்கள் வடுவாகிப்போகும். போன நெஃப்ரான் திரும்ப முளைக்காது.

மாதவிலக்கு வலிக்குக் காரணமும் இதே புராஸ்டாகிளாண்டின்தான். அதுதான் கருப்பையைச் சுருங்க வைக்கிறது. நானும் என் தோழிகளும் அந்த மூன்று நாளுக்குப் போட்ட மாத்திரையும் அப்பா சட்டைப் பையில் இருந்ததும் ஒரே குடும்பத்து மருந்து. ஒரே பொருள் அப்பாவின் சிறுநீரகத்தில் வாசலைத் திறந்து வைத்திருந்தது, என் வயிற்றில் வலியைத் தந்தது. உடம்புக்குள் பாடங்கள் தனித்தனி அலகாகப் பிரிந்து கிடப்பதில்லை என்பதை அன்று இரவு மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தேன்.

டயாலிசிஸ் தொடங்கியது. வாரம் மூன்று முறை, ஒருமுறைக்கு நான்கு மணி நேரம். முதல்வரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இல்லாவிட்டால் எங்களால் முடிந்திருக்காது. வாரத்துக்கு 168 மணி நேரம் ஓய்வில்லாமல் நடக்க வேண்டிய வேலையை 12 மணி நேரத்தில் முடிக்க வேண்டிய கட்டாயம் அந்த எந்திரத்துக்கு. நல்ல சிறுநீரகங்கள் நிமிடத்துக்கு 125 மில்லி வடிகட்டும், நாளைக்கு 180 லிட்டர். அதில் ஏறக்குறைய 99 விழுக்காட்டைத் திரும்ப உறிஞ்சிக்கொண்டு ஒன்றரை லிட்டரை மட்டும் வெளியே விடும். எதை விடுவது, எதை வைத்துக்கொள்வது என்று முடிவு செய்வதுதான் அந்தச் சுருள்களின் வேலை. அண்மைச் சுருளில் குளுக்கோசும் பெரும்பகுதி நீரும் திரும்பிவிடும். சேய்மைச் சுருளில் உப்புக் கணக்கு நேர் செய்யப்படும். எந்திரத்துக்கு அவ்வளவு நுணுக்கம் கிடையாது. அதனால்தான் அப்பாவுக்கு இளநீர் கூடாது, வாழைப்பழம் கூடாது, காய்கறியை நறுக்கி வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். பொட்டாசியம் ஏறினால் இதயத்தின் தாளம் தப்பும். அம்மாவிடம் வெறுமனே "கூடாது" என்று சொன்னபோது அவள் கேட்கவில்லை. தென்னந்தோப்பில் பிறந்தவள், நோயாளிக்கு இளநீர் கொடுக்காமல் இருப்பது அவளுக்குப் பாவம். அடுப்படித் தரையில் சாக்கட்டியால் ஒரு நெஃப்ரான் வரைந்து காட்டினேன். அதற்குப் பிறகு ஒருநாளும் தரவில்லை.

அப்பாவுக்கு நான் வேறு மாதிரி சொல்ல வேண்டியிருந்தது. "டீசல் பில்டர் அடைச்சா வண்டி இழுக்காதுல்லப்பா, அது மாதிரி" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "பில்டர மாத்திரலாம். இத?" என்று கேட்டார். மாற்று சிறுநீரகத்துக்கு அவர் உடல்நிலை இடம் தரவில்லை. அவருக்கு ஹாலந்தின் வில்லெம் கோல்ஃப் கதையைச் சொன்னேன். இரண்டாம் உலகப் போர் நடக்கும்போது, ஜெர்மன் ஆக்கிரமிப்பில் இருந்த ஒரு சின்ன ஊர் மருத்துவமனையில், 1943-ல், இறைச்சி அடைக்கப் பயன்படும் செல்லோஃபேன் குழாயைச் சுழலும் உருளையில் சுற்றி முதல் டயாலிசிஸ் எந்திரத்தை அவர் உண்டாக்கினார். முதலில் வந்த நோயாளிகளில் பலர் பிழைக்கவில்லை. 1945-ல் 67 வயதுப் பெண் ஒருவர் மயக்கம் தெளிந்து கண்விழித்தார். அப்பாவுக்கு அந்த உருளைதான் பிடித்திருந்தது. "கைக்குக் கெடச்சத வச்சு வண்டிய ஓட்டியிருக்காரு" என்றார். அதைவிட மரியாதையாக ஒரு ஓட்டுநர் யாரையும் சொல்லிவிட முடியாது.

இதையெல்லாம் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. இன்றைக்கு ப்ளஸ் ஒன்னில் உடல் பாடத்தை மருத்துவ நுழைவுத்தேர்வுக்கான சரக்காகத்தான் பார்க்கிறார்கள். நீட்டில் 720-க்கு 360 உயிரியலுக்கு. 2020-ல் வந்த 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டால் அரசுப் பள்ளிப் பிள்ளைகளும் உள்ளே போகிறார்கள், எனக்கு அதில் பெரிய மகிழ்ச்சி. ஆனால் ஒரு வகுப்பில் ஐம்பது பேர் படித்தால் மருத்துவராகிறவர் ஒருவரோ இருவரோ. மற்ற எல்லோருக்கும் ஒரு உடம்பு இருக்கிறது, வீட்டில் அப்பா அம்மா இருக்கிறார்கள். வணிகவியல் குரூப் எடுத்த பிள்ளைகளுக்கோ பத்தாம் வகுப்போடு இந்தப் பாடமே நின்றுவிடுகிறது. பற்று வரவு போடத் தெரிந்த பெண்ணுக்குத் தன் சிறுநீரகம் ஒரு நாளைக்கு 180 லிட்டரைக் கணக்குப் பார்த்துப் பிரிக்கிறது என்று ஏன் தெரியக் கூடாது? நான் கணக்கு எழுதுகிறவள்தான். அந்தக் கணக்கின் அழகு எனக்குத்தான் அதிகமாகப் புரிகிறது.

சரி, அக்கா மகளுக்கு வருகிறேன். சட்னியை இறக்கிவைத்துவிட்டு அவளைக் கூட்டிக்கொண்டு கறிக்கடைக்குப் போனேன். ஒரு ஜோடி ஆட்டுக் குண்டிக்காய் வாங்கினோம். கடைக்காரர் மேலே இருந்த கொழுப்பை எடுக்கப் போனார். "வேண்டாம்ணே, அப்படியே குடுங்க" என்றேன். கொழுப்பு மெத்தைக்குள்தான் சிறுநீரகம் இருக்கும் என்று அவள் பார்க்க வேண்டும்.

முற்றத்தில் பலகை போட்டு, அரிவாள்மனை வேண்டாமென்று மெல்லிய கத்தியால் நீளவாக்கில் இரண்டாகப் பிளந்தேன். வெளியே செம்பழுப்பாக ஒரு விளிம்பு, உள்ளே வேறு நிறத்தில் ஒரு பகுதி, நடுவே வெள்ளையாக ஒரு குழிவு, அதிலிருந்து வெளியே வரும் குழாயின் துண்டு. "புறணி எது?" என்றேன். காட்டினாள். "அகணி?" காட்டினாள். என் அப்பத்தா பனை மட்டையில் நார் கிழிக்கும்போது மேல்பக்கத்து நாரைப் புறணி என்றும் உள்பக்கத்து நாரை அகணி என்றும்தான் சொல்வாள். அதைச் சொன்னதும், "அப்ப இது பனைமரத்துப் பேரா சித்தி?" என்று சிரித்தாள்.

பிறகு புத்தகத்தை எடுத்துவந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். "சித்தி, படத்துல கூம்பு கூம்பா நிறைய இருக்கு. இதுல அப்படி இல்லையே, ஒரே மேடால்ல இருக்கு?"

எனக்கு அவ்வளவு சந்தோஷம். அவள் சொன்னது சரி. மனிதச் சிறுநீரகத்தின் அகணியில் பல கூம்புகள் தனித்தனியாக இருக்கும். ஆட்டுக்கு அவை ஒன்றாகச் சேர்ந்து ஒரே முகடாக இருக்கும். ரோமாபுரிக் காலத்து மருத்துவர் கேலன் குரங்கையும் பன்றியையும் அறுத்துப் பார்த்து எழுதியதை மனித உடம்பு என்று ஆயிரத்து முந்நூறு வருடத்துக்கு மேல் நம்பிக்கொண்டிருந்தார்கள். வெசாலியஸ் மனித உடலையே அறுத்துப் பார்த்து 1543-ல் புத்தகம் போட்டபோதுதான், கீழ்த்தாடை இரண்டு எலும்பு இல்லை, ஒன்றுதான் என்பது முதற்கொண்டு பலவும் திருத்தப்பட்டன. புத்தகத்தில் இருப்பதும் கையில் இருப்பதும் ஒத்துப்போகவில்லை என்று சொல்ல ஒரு கண் வேண்டும். என் அக்கா மகளுக்கு அது அரை மணி நேரத்தில் வந்துவிட்டது.

அன்று அப்பாவுக்கு டயாலிசிஸ் இல்லாத நாள். திண்ணையில் உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கையைக் கழுவிவிட்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அவருடைய இடது மணிக்கட்டுக்கு மேலே தமனியையும் சிரையையும் அறுவை செய்து இணைத்திருக்கிறார்கள். தமனியின் வேகம் சிரைக்குள் பாய்ந்து, மெல்லிய சிரை கயிறு மாதிரித் தடித்துவிட்டது. ஊசி போட அதுதான் வழி. தொட்டால் கிர்ரென்று உள்ளே ஓடும். இத்தனை வருடமாக அவள் அந்தக் கையைத் தொடப் பயந்தவள். அன்று இரண்டு விரலை வைத்தாள். பிறகு குனிந்து காதை வைத்தாள்.

"தாத்தா, லாரி ஓடுற மாதிரி கேக்குது."

"ஓடிக்கிட்டுத்தான் இருக்கு" என்றார் அப்பா.

சாப்பிட்டுவிட்டு வந்தபோது என்னிடம் மட்டும் மெதுவாகக் கேட்டாள்: "தாத்தாவோட சிறுநீரகத்த எடுத்துட்டாங்களா சித்தி, இல்ல உள்ளயேதான் இருக்கா?"

உள்ளேயேதான் இருக்கிறது என்றேன். பதினோரு சென்டிமீட்டர் இருக்க வேண்டியது, கடைசி ஸ்கேனில் ஏழு. சுருங்கிப்போய், அதே இடத்தில்.

அவள் செய்முறை நோட்டை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தாள். அளவுகோல் வைத்து முதலில் பதினோரு சென்டிமீட்டருக்கு ஒன்றை வரைந்தாள். புறணி, அகணி, கூம்புகள், சிறுநீர் நாளம் எல்லாம் பெயர் எழுதினாள். அதற்குப் பக்கத்தில் ஏழு சென்டிமீட்டருக்கு இன்னொன்று வரைந்து, அதற்கு மட்டும் பாகங்களின் பெயர் எதுவும் எழுதாமல், கீழே 'தாத்தா' என்று எழுதினாள்.